கலும்பாங்கில் அப்படி ஒரு வாசகர் இல்லை

மகனே,

சிலாங்கூர் ஆற்றின் இரு கரைகளுக்கும் முடிசூடா மன்னரும், பத்தாங் பெர்ஜுந்தாய் செம்பனை ஆலையின் எடைமேடையில் முப்பத்தொரு ஆண்டு உட்கார்ந்து மூன்று இமயமலை கனத்துக்குப் பழக்குலைகளை நிறுத்துப் போட்டவரும், தற்சமயம் ஒரு மின்விசிறியையும் இரண்டு பல்லிகளையும் மட்டும் குடிமக்களாக வைத்துக்கொண்டு அரசாள்பவருமாகிய உன் தகப்பன் எழுதுகிறேன். வாட்சப்பில் சொல்லவேண்டியதை இந்தக் கிழவர் ஏன் பத்திரிகையில் எழுதுகிறார் என்று நீ பல்லைக் கடிப்பாய். காரணம் இருக்கிறது. இதே ஞாயிறு பக்கத்தில் நான் மூன்று பொய்களை அச்சேற்றியிருக்கிறேன். பொய்யை ஊரறியச் சொன்னவன், உண்மையை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. அடுத்த மாதம் நீயும் மருமகளும் பெர்த்துக்குக் குடிபோகிறீர்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகு சொன்னால் அயோக்கியத்தனத்தோடு கோழைத்தனமும் சேர்ந்துகொள்ளும். ஏறுவதற்கு முன்பு சொன்னால் அயோக்கியத்தனம் ஒன்றோடு போகும். பத்திரிகை ஆசிரியர் பெரிய மனது வைத்து இடம் தந்திருக்கிறார். அவரையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருந்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நீ சிறுவர்களுக்காக ஒரு மாயக்கதை எழுதிப் புத்தகமாகப் போட்டாய். ‘ஆற்றுக்கடியில் ஏழாம் லயம்’ என்று பெயர். லயம் எனப்படும் தோட்டத்து வீட்டு வரிசையில் வளரும் கயல் என்ற பதினொரு வயதுப் பெண், சிலாங்கூர் ஆற்றுக்குள் இறங்கிப் போகிறாள். அடியில் இன்னொரு வீட்டு வரிசை இருக்கிறது. அங்கே உடும்புதான் ராஜா. புக்கிட் மெலாவத்திக் குன்றுக் குரங்குகள் சுங்க அதிகாரிகளாக உட்கார்ந்து, பாரம் என்று மூன்று படிவங்களை நிரப்பச் சொல்கின்றன. ஆற்றோரத்து மின்மினிகள் சம்பளம் போதாதென்று வேலைநிறுத்தம் செய்வதால் ராஜ்ஜியமே இருண்டு கிடக்கிறது. இப்படி ஒரு மூளை என் வம்சத்தில் எப்படி முளைத்தது என்று நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன்.

வெளியீட்டு விழாவைக் கோலா சிலாங்கூரில் வைத்தோம். நம் வழக்கம் தெரிந்ததுதானே. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, பொன்னாடை. பிறகு பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடையேறி, உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு, நேராகச் சோற்று வரிசைக்குப் போவது. அன்று ஏறியவர்களை வரிசையில் நிறுத்தினால் தலை கோலா சிலாங்கூரிலும் வால் தைப்பிங்கிலும் இருந்திருக்கும். நானே மைக்கைப் பிடுங்கி, “கடல் வற்றினாலும் என் மகனின் கற்பனை வற்றாது” என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. எல்லாரும் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவரும் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் சந்தைக்குப் பக்கத்தில் நின்ற காரின் பின் கண்ணாடியோரத்தில், டிசு பெட்டிக்கும் தலையாட்டும் பொம்மைக்கும் நடுவே உன் புத்தகம் வெயிலில் கிடந்ததைப் பார்த்தேன். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. அட்டையில் பச்சையாக இருந்த உடும்பு ராஜா வெளிறி நீலமாகியிருந்தார்.

நீ ஜொகூர் பாருவிலிருந்து ஞாயிறு தோறும் கூப்பிடுவாய். முதலில் என் பிரஷர் மாத்திரை, அடுத்து மழை, அதற்கடுத்துக் கூரை ஒழுகல். போனை வைக்கும் நேரத்தில், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போல ஒரு கேள்வி வரும். “ஏம்ப்பா, புக்கப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” “சொன்னாங்களாவா? டவுனே அதத்தான்டா பேசுது.” “யாரு?” “எல்லாரும்தான்.” “என்னன்னு சொல்றாங்க?” “பிரமாதம்னு.” நீ ஒரு “ம்” போட்டுவிட்டு வைத்துவிடுவாய். உன் அம்மா இருந்தவரை போன் அவள் கையில்தான் இருக்கும். நான் பக்கத்திலிருந்து கத்துவேன், அவள் அதைச் சீர்செய்து உனக்குச் சொல்வாள். அவள் போன பிறகு நம் இருவருக்கும் நடுவில் பேச்சு என்று மிஞ்சியது அந்தப் புத்தகம் ஒன்றுதான். அதைப் பற்றி ஊர் பேசாவிட்டால் நமக்குள்ளும் பேச்சில்லை. “ம்”முக்குப் பிறகு வீடு அமைதியாகும் பார், அந்த அமைதியை நிறுக்க என் பழைய எடைமேடை தாங்காது.

ஆகவே நான் ஒரு போர் தொடுக்க முடிவு செய்தேன். வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் புகழவேண்டும், இன்னொருவர் கிழிக்கவேண்டும், மூன்றாமவர் கிழித்தவரைக் கிழிக்கவேண்டும். அவ்வளவுதான், நாடு முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்து வெட்டிக்கொள்ளும், உன் புத்தகம் சூடான வடைபோல விற்றுத் தீரும் என்பது என் போர்த்தந்திரம். முதல் கடிதத்தைக் கோலா சிலாங்கூர் குடும்பமாது சரோஜா எழுதினார். தன் மூன்று குழந்தைகளும் இந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைக்காமல் தூங்க மறுப்பதாக. மூன்றாவதைத் தஞ்சோங் காராங் ஆசிரியர் ஒருவர் எழுதினார். நடுவில் எழுதியவர்தான் கலும்பாங் வேலாயுதம், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கெழுத்தர். மூன்று பேருக்கும் மூன்று பேனா, மூன்று கையெழுத்து. வேலாயுதத்துக்கு இடது கையால் எழுதினேன். உறையில் கலும்பாங் முத்திரை விழவேண்டும் என்பதற்காக, கொட்டுகிற மழையில் என் பழைய மோட்டாரை விரட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்த் தபாலில் போட்டேன். கோட்டை பிடிக்கப் போன எந்தச் சேனாதிபதியும் அன்று நான் நனைந்ததில் பாதி நனைந்திருக்கமாட்டான்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். சரோஜாவின் கடிதத்தை அரைமணி நேரத்தில் எழுதிவிட்டேன். வேலாயுதத்துக்கு நான்கு நாள் ஆனது. புகழ்வதற்கு அட்டை போதும். திட்டுவதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். ஆமாம் மகனே, அதுவரை நானும் உன் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. மேடையில் கடலை வற்றவைத்தவன் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், இரண்டாம் அத்தியாயத்தில் என்னையே கண்டேன். ராஜாவின் சாபத்தில் கயலின் வீட்டு வரிசை முழுக்கக் கல்லாகிறது. ஆடு, நாய், அக்கம்பக்கத்தார், கூரைமேல் நின்ற சேவல், எல்லாம். கயலின் அப்பாவும் கல்லாகிறார். இடது கை கிழிந்த பிரம்பு நாற்காலியில், ஆலைச் சட்டையோடு, தோளில் துண்டோடு, ஓடிக்கொண்டிருக்கும் டிவிக்கு முன்னால். அவர் கல்லானதைக் கயல் உடனே கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். வழக்கமாகவே அவர் அப்படித்தான் இருப்பாராம்.

சிரித்தேன். பிறகு பக்கங்களைப் புரட்டிப் புரட்டி அந்த மனிதரைத் தேடினேன். கயல் ராஜாவை ஜெயித்துக் கிரீடத்தோடு கரையேறுகிறாள். ஆடு எழுந்துவிட்டது, நாய் எழுந்துவிட்டது, சேவல் எழுந்து கூவியும்விட்டது. நாற்காலிக்காரர் எழவில்லை. கயல் அவரைத் தாண்டிப் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு ஓடுகிறாள், கதை முடிகிறது. அதற்குப் பிறகு வேலாயுதத்தை நான் எழுதவில்லை, அவரே எழுதினார். “இந்த எழுத்தாளருக்குக் கற்பனை உண்டு. ஆனால் கதையில் மனிதர்கள் இல்லை. ஒரு சேவலுக்குக் காட்டிய இரக்கத்தைப் பெற்ற தகப்பனுக்குக் காட்டவில்லை. விலங்குகளை எழுதத் தெரிந்தவர் மனிதர்களை எழுதாமல் இருப்பதே நலம்.” அச்சில் வந்த மூன்று கடிதங்களில் அந்த நான்கு வரிகள்தான் விளையாட்டில் சேராதவை.

நாடு இரண்டாகப் பிரியவில்லை. மூன்று வாரமும் நானே எழுதி, நானே எதிர்த்து, நானே பஸ் நிலையத்துக் கடையில் பத்திரிகை வாங்கிப் படித்தேன். ஆனால் வேலாயுதம் அச்சில் வந்த அந்த ஞாயிறு நீ ஏழு மணிக்கே கூப்பிட்டாய். மாத்திரையை விசாரிக்கவில்லை, மழையை விசாரிக்கவில்லை.

“அப்பா, கலும்பாங்லேருந்து ஒருத்தரு எழுதிருக்காரு, பாத்தீங்களா?”

“பாத்தேன், பாத்தேன். வெவரங்கெட்ட மனுசன். விடு லா.”

“இல்லப்பா. படிச்சிருக்காரு. சேவல் எழும்புற எடத்தக்கூட எழுதிருக்காரு, அது கடைசிப் பக்கத்துக்கு முந்துன பக்கம். இத்தன பேருல அவர் ஒருத்தர்தாம்பா படிச்சிருக்காரு.”

“ஏன், அந்த சரோஜாம்மா?”

“அந்தம்மா அட்டையப் பாத்துட்டு எழுதிருக்காங்கப்பா. தெரியுது.”

உன் குரலில் அப்படி ஒரு உயிரை நான் வருடக்கணக்கில் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நிமிடம் அது. சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய், முடிந்திருக்கும். அந்தச் சூடான குரலை இழக்க எனக்கு மனம் வரவில்லை. “அப்படியா, நல்ல மனுசன்தான் போல” என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் நீ என்ன செய்தாய் என்பதை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன் வண்டியை எடுத்துக்கொண்டு, ஜொகூர் பாருவிலிருந்து கலும்பாங்குக்குப் போய், ஓய்வுபெற்ற கிராணி வேலாயுதம் எங்கே இருக்கிறார் என்று கடை கடையாகக் கேட்டிருக்கிறாய். “அங்க ஒரு வேலாயுதம் இருந்தாருப்பா. டயர் ஒட்டுறவரு. ‘ஒங்க பொஸ்தகத்த நான் ஒண்ணும் பண்ணலையே தம்பி’ன்னு பயந்துட்டாரு. டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.” நானும் சேர்ந்து சிரித்தேன். வைத்த பிறகுதான் வழியைக் கணக்குப் போட்டேன். கலும்பாங்கிலிருந்து என் வாசலுக்கு ஒன்றரை மணி நேரம். யார் பெற்றதென்றே தெரியாத ஒரு மனிதரைத் தேடி நாட்டின் பாதியைக் கடந்து வந்தவன், மிச்சமிருந்த ஒன்றரை மணி நேரத்தைக் கடக்காமல் திரும்பிவிட்டாய். நான் ஒருவர்மேல் பொறாமைப்பட்டேன் மகனே. என் இடது கையில் பிறந்து, என் பேனாவில் பால் குடித்த ஆள் அவர். உலகத்தில் எந்தத் தகப்பனுக்கும் இப்படி ஒரு சக்களத்தர் வாய்த்திருக்கமாட்டார்.

போன மாதம் விற்காத புத்தகங்களையெல்லாம் பெட்டி பெட்டியாக ஒரு நண்பரின் வேனில் என் வீட்டுக்கு அனுப்பினாய். கூடவே போன். “பழைய பேப்பர் லோரி வந்தா போட்டுடுங்கப்பா. பெர்த்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது.” இரண்டாவது பாகம் என்னவாயிற்று என்று கேட்டேன். பதினோரு அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டேன் என்றாய்.

“ஏன்டா?”

“வேலாயுதம் சொன்னது சரிதாம்பா. எனக்கு மிருகம் வரும், மனுசங்க வரமாட்டாங்க.”

“அந்த அப்பாவ எழுப்ப மறந்துட்டன்னு எழுதிருந்தாரே, அதுவா?”

“மறக்கலப்பா. ரெண்டாவது பாகமே அவருதான். அவர எழுப்பத்தான் கயல் திரும்பவும் ஆத்துல எறங்குறா. எல்லாம் ஓடுது, நல்லாத்தான் ஓடுது. ஆனா எழும்புன பெறகு அவரு வாயத் தொறந்து என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியல. ஆறு மாசமா யோசிச்சுட்டேன். ஒரு வரி வரலப்பா.”

மின்விசிறி இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டேன்.

உனக்கு ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது, நான் ஆலையிலிருந்து கொண்டுவந்த பழைய எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் ஒரு கதை எழுதி, நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தாய். இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கையில் வாங்கி, தாள்களை விசிறிபோல ஒருமுறை விரித்துவிட்டு, “ஆகா, உலகத்திலேயே இப்படி ஒரு கதை வந்ததில்லை, ராஜாக்கள் யானை அனுப்பி உன்னை அழைத்துப் போவார்கள்” என்றேன். நீ நடுப்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்ததை ஒரு வாரம் கழித்து உன் அம்மா எனக்குக் காட்டினாள். “இதைப் படிப்பவர் எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கித் தரவும்.” அந்த வாரம் முழுக்க நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் நீ செருப்போடு வாசலில் நின்றிருக்கிறாய். நான் உன் தலையைத் தட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உனக்கும் பிள்ளை பிறக்கும். படிக்காமல் மட்டும் பாராட்டாதே. படித்துவிட்டுத் திட்டினால்கூட அந்தக் குழந்தை உன் மடியில் உட்காரும்.

லோரி வந்தபோது பெட்டிகளைப் போடவில்லை. ஒன்றைப் பிரித்து, பொய் வாசகர்களை உண்டாக்கிய பாவத்துக்கு உண்மை வாசகர்களைத் தேடிப் புறப்பட்டேன். கோலா சிலாங்கூர் சந்தை அருகே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் செய்யது பாயிடம் ஒன்று கொடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்து, கூட்டம் இல்லாத மதியங்களில் ஒரு வாரம் படித்தார். நான் போனதும் இலையைப் போடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். “நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா உடும்ப எப்படிண்ணே ராஜான்னு ஏத்துக்குறது? என் கடைக்குப் பின்னாடி கோழித்தல பொறுக்குறத நான் தெனம் பாக்குறேன். முதலையா இருந்தா ஒரு மரியாத. அப்புறம் அந்தப் புள்ளையோட அத்தா. அவர எழுப்பாம முடிச்சது பெரிய தப்பு. எழுப்பணும், எழும்புனதும் அந்தப் புள்ளைக்கு முதுகுல ஒண்ணு வைக்கணும். சொல்லாம கொள்ளாம ஆத்துக்குள்ள எறங்குறதா?”

பக்கத்து வீட்டுத் தர்ஷினிக்கு ஒன்று கொடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இரண்டு நாளில் முடித்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தீர்ப்பு வழங்கினாள். “கொரங்கு பாரம் கேக்குறதுதான் பெஸ்ட்டு, தாத்தா. உடும்பு ராஜாவும் ஓக்கே. ஆனா கயல் ஏன் போன் கொண்டுபோகல?” அப்பா கல்லாகவே கிடக்கிறாரே, பாவமில்லையா என்று கேட்டேன். “இருக்கட்டும் தாத்தா. எழும்புனா டீ கேப்பாரு. கயல்தான் போடணும்.” பாய் என்ன சொன்னார் என்று சொன்னேன். “அந்தத் தாத்தாவுக்குக் கத படிக்கத் தெரியல” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அடுத்த முறை பாயிடம் இதைச் சொன்னபோது அவர் கரண்டியை ஓங்கிக்கொண்டு, “அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன்” என்றார். பார்த்தாயா, நான் கனவு கண்ட போர் இதுதான். இரண்டு பேர்தான் படை. ஆனால் இருவரும் படித்திருக்கிறார்கள், இருவரும் உன் கல் மனிதரைப் பற்றித்தான் அடித்துக்கொள்கிறார்கள். கதையில் மனிதர்கள் இல்லை என்று வேலாயுதம் எழுதியது பச்சைப் பொய். ஒரு மனிதர் இருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மனக்குறையை உன் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் விமர்சனம் என்று பெயர் சூட்டிக் கலும்பாங்கிலிருந்து அனுப்பினேன். என்னிடம் கோபப்பட உனக்கு உரிமை உண்டு. அந்த நான்கு வரிக்காகப் பேனாவை மூடிவைக்க மட்டும் உனக்கு ஒரு காரணமும் இல்லை, அதை எழுதியவர் உன் எழுத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் மட்டும்தான் மிச்சம். உன் புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். நடுவில் சுரங்கப் பகுதி கொஞ்சம் இழுக்கிறது. மின்மினிகளின் வேலைநிறுத்தக் கூட்டத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததைச் சொல்ல ஆளில்லாமல் பக்கத்தில் மடிப்பு வைத்தேன். உன் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. தள்ளுவதானால் தள்ளிவிடு. பாய் எழுப்பச் சொன்னாலும் அந்த அப்பாவை எழுப்பாதே. எழுந்தால் அவருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது, ஏதாவது பெரிதாக அளந்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த ஒரு வரியைத் தேடித்தானே ஆறு மாதம் வீணானது, அது தேவையில்லை. கயல் அவரைத் தாண்டி ஓடாமல், டிவியை மட்டும் அணைத்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்காரட்டும். ஆற்றுக்கடியில் என்னென்ன பார்த்தாள், யாரைக் கண்டு பயந்தாள், அங்கே வெயில் உண்டா, சாப்பாடு எப்படி, எல்லாவற்றையும் அவள்பாட்டுக்குச் சொல்லட்டும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கல்லுக்குக் காது கேட்கும் மகனே. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வேறு யாருடைய பெயரிலும் இல்லாமல்,
அப்பா